உறக்கம் வேறு, பூட்டு வேறு

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் ஒன்றும் கேட்காமல், விட்ட இடத்திலேயே எக்ஸெல் தாள் திறந்தபடி கிடக்கிறது. இரவில் மறுபடி கேட்கிறது. ஆனால் தினமும் ஏற்கும் கைரேகையை அன்றைக்கு மட்டும் ஏற்க மறுக்கிறது. இதற்காக யாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுவதில்லை. "அது அப்படித்தான்" என்று பழகிவிடுகிறார்கள். பழக முடியாதவர்கள் வைரஸாக இருக்குமோ என்று பயந்து விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே கதை.

இந்தப் புகாரில் முதலில் சொல்லிவிட வேண்டியது, பெரும்பாலான சமயம் கணினி கெட்டுப்போகவில்லை என்பதைத்தான். தனக்குக் கொடுத்த விதிகளின்படி அது ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் விதிகள் பல. அவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக எழுதினார்கள். கணினியை உறங்கவைப்பது ஒரு வேலை, பூட்டுவது இன்னொரு வேலை. கடையின் ஷட்டரை இறக்குவதும் அதற்குப் பூட்டுப் போடுவதும் போல. மூடியைச் சாத்தும்போது இரண்டும் சேர்ந்தே நடந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். கணினிக்குள் அந்த இரண்டையும் சேர்த்துவைப்பது ஒரு செட்டிங் மட்டுமே; சில கணினிகளில் நான்கைந்து செட்டிங்குகள், அவையும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாதவை.

உறக்கத்தின் இலக்கணம் ஏசிபிஐ என்ற பொதுத்தரத்தில் இருக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டது. எஸ்0 என்றால் கணினி விழித்திருக்கிறது, எஸ்5 என்றால் அணைந்துவிட்டது. இடையில் படிப்படியான உறக்கங்கள். அவற்றில் இரண்டுதான் நம் கைக்கு வருகின்றன. எஸ்3 என்பதில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் ஓடும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். எஸ்4 என்பது ஹைபர்னேட்: ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைவது. இந்தத் தரம் மின்சாரத்தைப் பற்றியும் வன்பொருளைப் பற்றியும் பேசுகிறது. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார், விழித்தவுடன் அவரிடம் பாஸ்வேர்ட் கேட்க வேண்டுமா என்பது அதன் கவலையே இல்லை. அது இயங்குதளத்தின் தலையில் விழுந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் மூன்று விதமாக அதைச் சுமக்கின்றன.

முதலில், மிகச் சாதாரணமான, ஆனால் மிக அதிகமான பேரைக் குழப்பும் ஒன்று. திரை கறுத்துவிட்டால் கணினி தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பழைய பாணி விண்டோஸ் கணினியில் திரையை அணைப்பதற்கு ஒரு நேரம், உறங்குவதற்கு இன்னொரு நேரம். திரை 10 நிமிடத்தில் அணைய வேண்டும், கணினி 30 நிமிடத்தில் உறங்க வேண்டும் என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். 20-ஆவது நிமிடம் வந்து மவுஸை அசைத்தால் திரை எரியும், பாஸ்வேர்ட் கேட்காது. கணினி தூங்கவே இல்லை. 40-ஆவது நிமிடம் வந்தால் கேட்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு முறையும் இருந்தது ஒரே கறுப்புத் திரைதான். இதில் இன்னொரு சுற்றும் உண்டு. பின்னணியில் ஏதோ ஒரு டேபில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால், அல்லது ஒலிக்கான டிரைவர் ஒன்று "நான் வேலையாக இருக்கிறேன்" என்று பதிவு செய்துவைத்திருந்தால், 30 அல்ல 300 நிமிடம் ஆனாலும் கணினி உறங்காது. தூங்கவிடாமல் பிடித்துவைத்திருப்பது யார் என்பதை அட்மினிஸ்ட்ரேட்டராகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் அதுவே பெயர் சொல்லும்.

மூடியைச் சாத்துவதிலும் இதே மயக்கம் உண்டு. வீட்டில் பெரிய மானிட்டரோடு இணைத்து வேலை செய்பவர்கள், மூடியைச் சாத்தினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவைத்திருப்பார்கள். அந்தச் செட்டிங்கும் சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என்று இரண்டாகவே இருக்கிறது. மேசையில் சார்ஜரோடு மூடினால் உறக்கம் இல்லை, ஆகவே பூட்டும் இல்லை. ஹாலில் சோபாவில் உட்கார்ந்து மூடினால் இரண்டும் உண்டு. மூடியது அதே கை, அதே மூடி.

இந்தச் சார்ஜர்–பேட்டரி இரட்டை, பாஸ்வேர்டையும் விடவில்லை. விழிக்கும்போது பாஸ்வேர்ட் கேட்க வேண்டுமா என்பது விண்டோஸில் பவர் பிளானுக்குள் இருக்கும் ஒரு மதிப்பு; உள்பெயர் கன்சோல்லாக். அதற்கும் இரண்டு கட்டங்கள். நிறுவனங்களின் குரூப் பாலிசியிலும் இது 'பேட்டரியில்', 'மின்இணைப்பில்' என்று இரண்டு தனி விதிகளாக நிற்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்த நிர்வாகிகள் உண்டு. வலையில் கிடைத்த ஒரு கட்டளையை ஒட்டி, சார்ஜர் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டுப் பேட்டரிப் பக்கத்தைத் தொடாமல் விட்ட வீட்டுப் பயனர்கள் அதைவிட அதிகம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இது இன்னும் வேடிக்கை. சார்ஜரில்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் லேப்டாப், கரண்ட் போன நேரத்தில் பேட்டரியின் விதிக்கு மாறியிருக்கும். ஒயர் சொருகியபடியே இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பவர் பிளானையே மாற்றினாலும் இப்படித்தான்: மதிப்பு ஒவ்வொரு பிளானுக்கும் தனி.

இதெல்லாம் எஸ்3 காலத்துச் சிக்கல்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டான்ட்பை என்ற புதுமுறை வந்தது. விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டான்ட்பை ஆனது. கைபேசியைப் போல லேப்டாப்பும் உறங்க வேண்டும், உறக்கத்திலேயே மின்னஞ்சல் வாங்க வேண்டும், தொட்டவுடன் எழ வேண்டும் என்பது ஆசை. அதற்காகக் கணினி எஸ்3-க்குப் போகாமல் எஸ்0-விலேயே மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடக்கிறது. அதாவது ஏசிபிஐயின் கணக்குப்படி அது தூங்கவே இல்லை. இந்த முறையில் திரை அணைவதும் உறக்கத்தில் நுழைவதும் ஏறக்குறைய ஒன்றே. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 வசதியே கிடையாது. நம்முடையது எந்த ரகம் என்று அறிய பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஒரு சாய்கோடும் ஏ என்ற ஆங்கில எழுத்தும் போதும். என்னென்ன உறக்கங்கள் உண்டு, எவை இல்லை, ஏன் இல்லை என்று ஒரு பட்டியல் வரும். இந்தப் பிரச்சினையில் யார் உதவி கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். அது தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் குருட்டாம்போக்குதான்.

காரணம், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில், உள்நுழைவுத் தேர்வுகளின் கீழ் இருக்கும் அந்த ஒரு கேள்வி. விலகிப்போய்த் திரும்பினால் எப்போது மறுபடி உள்நுழையச் சொல்ல வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. எஸ்3 கணினியில் அதற்கு இரண்டே விடை: ஒருபோதும் வேண்டாம், அல்லது உறக்கத்திலிருந்து விழிக்கும்போது. மாடர்ன் ஸ்டான்ட்பை கணினியில் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும், 1 நிமிடம், 3 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம், ஒருபோதும் வேண்டாம் என்று பட்டியல் நீள்கிறது. 15 நிமிடம் என்று வைத்திருப்பவர் மூடியைச் சாத்திப் பத்து நிமிடத்தில் திறந்தால் பாஸ்வேர்ட் கிடையாது. இருபது நிமிடத்தில் திறந்தால் உண்டு. டீ குடித்துவிட்டு வந்தால் கேட்காது, சாப்பிட்டுவிட்டு வந்தால் கேட்கும். இதைத்தான் பலர் "சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை" என்று புகார் சொல்கிறார்கள். பழைய லேப்டாப்பில் இந்தப் பட்டியலைப் பார்த்திராதவர், புது லேப்டாப்பில் அப்படியொன்று இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. நண்பரின் கணினியில் இருக்கும் தேர்வு தன் கணினியில் காணவில்லை என்று தேடிச் சலிப்பவரின் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

இந்த இடைவெளி கொடுக்கும் யோசனையே சரியா என்று கேட்டால், வீட்டுக்குச் சரி, வெளியில் தவறு என்பேன். இடைவெளி என்பது மறதிக்குக் கொடுக்கும் சலுகை. ரயிலில், நூலகத்தில், அலுவலக கேன்டீனில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து மூடியைத் திறக்கப்போவது நாமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்த குழப்பம் நேரத்தோடு மாறும் உறக்கம். பல லேப்டாப்புகள் மூடியவுடன் லேசாகத் தூங்கி, சில மணி நேரம் கழித்தோ பேட்டரி ஓரளவு இறங்கியபிறகோ ஹைபர்னேட்டுக்குப் போய்விடும். மதியத்தில் திறந்தால் நொடியில் எழுவது இதனால்தான். மறுநாள் காலையில் திறந்தால் தயாரிப்பாளரின் சின்னம் தெரிந்து, மெல்ல எழுந்து, வேறு மாதிரித் திரையில் நிற்கிறது. டிஸ்க்கை பிட்லாக்கர் குறியாக்கம் செய்து, தொடக்கத்தில் பின் கேட்க ஏற்பாடு செய்திருந்தால், விண்டோஸ் எழுவதற்கு முன்பே நீலத் திரையில் ஒரு கேள்வி வரும். லேசான உறக்கத்திலிருந்து எழுந்தால் அந்தத் திரை வராது. ஒரே லேப்டாப், இரண்டு கதவுகள். நாம் எந்தக் கதவு முன் நிற்கிறோம் என்பதை உறங்கிய நேரத்தின் நீளம் தீர்மானிக்கிறது.

மேசைக் கணினிக்கு இதில் தனிப் பங்கு. எஸ்3-இல் கிடக்கும் மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனால் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும். அதைத் தவிர்க்கத்தான் ஹைபிரிட் ஸ்லீப்: ரேமை உயிரோடு வைத்துக்கொண்டே டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவைப்பது. கரண்ட் போகாவிட்டால் உடனே எழும். போனால் டிஸ்க்கிலிருந்து எழும். இரண்டிலும் விட்ட வேலை திரும்பக் கிடைக்கும், வழி மட்டும் வேறு. ஹைபிரிட் ஸ்லீப் அணைந்திருந்து கரண்டும் போயிருந்தால் கணினி எழுவதில்லை, புதிதாகத் தொடங்குகிறது. அப்போது பாஸ்வேர்ட் கேட்பது விழிப்பின் விதியால் அல்ல, தொடக்கத்தின் விதியால். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விழிப்புச் செட்டிங்கையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இதன் மறுதலையும் உண்டு: நெட்பிள்விஸ் என்ற பழைய சாளரத்தில் டிக்கை எடுத்துவிட்டால் கணினி தொடங்கும்போது பாஸ்வேர்ட் கேட்காது, உறக்கத்திலிருந்து எழும்போது கேட்பதை அது நிறுத்தாது.

இரவில் தானாக நடக்கும் அப்டேட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தூங்கும் கணினி நள்ளிரவில் தானே எழுந்து, அப்டேட் போட்டு, மறுதொடக்கம் செய்து, நம் பெயரில் உள்நுழைந்து, தன்னைத்தானே பூட்டிக்கொண்டு மறுபடி படுத்துக்கொள்ளும். காலையில் திறப்பவர் நேற்று விட்ட சாளரங்கள் காணாமல் போயிருப்பதையும், எதிர்பாராத லாக் ஸ்கிரீனையும் பார்க்கிறார். யாரோ வந்து நோண்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

உறக்கத்தோடு தொடர்பே இல்லாமல் பூட்டும் கைகளும் இருக்கின்றன. ஸ்கிரீன் சேவருக்குத் தனியாக ஒரு டிக் பெட்டி: முடிந்து திரும்பும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டு என்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கும் இந்தப் பெட்டி, இன்றைய செட்டிங்ஸின் பளபளப்புக்குப் பின்னால் பழைய சாளரத்தில் ஒளிந்திருக்கிறது. 2017-இல் வந்த டைனமிக் லாக், புளூடூத்தில் இணைத்த கைபேசி எட்டாத தூரம் போனால் கணினியைப் பூட்டும். கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனால் பூட்டாது, எடுத்துக்கொண்டு போனால் பூட்டும். கைபேசியில் புளூடூத் அணைந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை யோசிக்காமலே பலர் இதைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அலுவலகக் கணினியில் இவற்றுக்கு மேலே நிர்வாகியின் விதி ஒன்று உட்கார்ந்திருக்கும்: இத்தனை நொடி சும்மா இருந்தால் பூட்டு. அட்டைப் பணப் பரிவர்த்தனை செய்யும் நிறுவனங்கள் பின்பற்றும் பிசிஐ டிஎஸ்எஸ் தரம், 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் காட்டச் சொல்கிறது. பல நிறுவனங்களின் பத்து, பதினைந்து நிமிடக் கணக்குக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு தரம் இருக்கும். செட்டிங்ஸ் பக்கத்தில் சில தேர்வுகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி தெரிந்தால், அங்கே மாற்றுவதெல்லாம் வீண். மாற்றியது அன்று வேலை செய்ததுபோல் தோன்றி, பாலிசி அடுத்த முறை வந்து சேர்ந்தவுடன் பழையபடி ஆகிவிடும். இதுவும் "சில நேரம்" என்ற புகாராகவே வருகிறது.

கேட்கிறதா இல்லையா என்பது ஒரு பக்கம். எதைக் கேட்கிறது என்பது மறுபக்கம். 2015-இல் விண்டோஸ் 10-ஓடு வந்த விண்டோஸ் ஹலோ, முகம், கைரேகை, பின் எண் மூன்றையும் கொண்டுவந்தது. உறக்கத்தின்போது மின்சாரம் சேமிக்க யுஎஸ்பி சாதனங்களை அணைப்பது விண்டோஸின் வழக்கம். உள்ளே இருக்கும் கைரேகை ரீடரும் முகம் பார்க்கும் அகச்சிவப்பு கேமராவும் பல லேப்டாப்புகளில் யுஎஸ்பி வழியாகவே இணைந்திருக்கின்றன. கணினி எழுந்துவிட்டது, ரீடர் இன்னும் எழவில்லை என்றால், அந்த இரண்டு நொடியில் விரல் வைத்தவருக்குப் பதில் வராது. சில சமயம் ரீடர் எழவே எழாது. மறுதொடக்கம் செய்தால்தான் திரும்பும். இங்கே உண்மையிலேயே பழுது இருக்கிறது, பெரும்பாலும் டிரைவரில். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுப்பதும், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பிப்பதும் பலருக்குப் பலன் தந்த வழிகள்.

பாஸ்வேர்டே மாறிப்போன மாதிரி நடக்கும் வகை ஒன்று உண்டு. அலுவலக டொமைனில் சேர்ந்த லேப்டாப், சர்வரைத் தொட முடியாதபோது உதவட்டும் என்று கடைசியாக உள்நுழைந்தவர்களின் சரிபார்ப்பு விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இயல்பாகப் பத்துப் பேருக்கு. அலுவலகத்தில் வேறொரு கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், அதற்குப் பழைய பாஸ்வேர்ட்தான் தெரியும். புதியதை அடித்தால் தவறு என்கிறது. வைஃபை இணைந்து, விபிஎன் போட்டு, சர்வரோடு ஒருமுறை பேசியபின் நிலைமை தலைகீழாகிறது. இது தெரியாதவர் மூன்று முறை தவறாக அடித்துக் கணக்கையே முடக்கிக்கொண்டு உதவி மையத்துக்குப் போன் போடுவார்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. தமிழ் விசைப்பலகையை இயல்பாக வைத்திருப்பவர் பூட்டுத் திரையில் ஆங்கில பாஸ்வேர்டை அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளை அடித்துக்கொண்டிருக்கலாம். திரையில் தெரிவது வெறும் புள்ளிகள். எத்தனை முறை அடித்தாலும் தவறு. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுவதால் கணினி மீது பழி. பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பார்த்தால் அடித்தது என்னவென்று தெரிந்துவிடும்; மூலையில் மொழிக் குறியும் இருக்கும். எண்களால் ஆன பின் வைத்திருப்பவர்கள் இதில் தப்பிக்கிறார்கள்.

மேக்கில் கேள்வியே வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. உறக்கத்தைப் பற்றி அது கேட்பதில்லை. ஸ்கிரீன் சேவர் தொடங்கியோ திரை அணைந்தோ எவ்வளவு நேரம் கழித்து பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்று கேட்கிறது. உடனே என்பதிலிருந்து ஒருபோதும் வேண்டாம் என்பதுவரை, நடுவில் நொடிகளும் நிமிடங்களும் மணிகளுமாகத் தேர்வுகள். விண்டோஸ் இரண்டு நேரமாகப் பிரித்துக் குழப்பியதை மேக் திரை என்ற ஒன்றோடு கட்டியது. எனக்கு அது தெளிவான முடிவாகப் படுகிறது. 2022-இல் வென்ச்சுரா வந்தபோது இந்தத் தேர்வு லாக் ஸ்கிரீன் என்ற புதுப் பக்கத்துக்கு இடம் மாறியதால், காணவில்லை என்று தேடியவர்கள் அதிகம். மேக்கில் குழப்பம் வருவது கைரேகையில். மறுதொடக்கம் செய்தபின், 48 மணி நேரத்துக்கு மேல் திறக்காமல் விட்டபின், ஐந்து முறை தவறான விரல் வைத்தபின் டச் ஐடி ஒதுங்கிக்கொண்டு பாஸ்வேர்டைத்தான் கேட்கும். சனி, ஞாயிறு மூடிவைத்துத் திங்கள் காலையில் திறப்பவர் வாராவாரம் இதைச் சந்திக்கலாம். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த எல்லை. ஆப்பிள் வாட்ச் வைத்துத் திறக்கும் வசதி 2016-இல் சியராவோடு வந்தது. கடிகாரம் கையில் இருக்க வேண்டும், அது திறந்திருக்க வேண்டும், மேக்கில் வைஃபையும் புளூடூத்தும் எரிய வேண்டும். இத்தனை நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அன்று பாஸ்வேர்ட்தான்.

லினக்ஸில் இந்தச் சிக்கலின் எலும்புக்கூடே தெரியும். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உறக்கத்தைக் கவனிப்பது சிஸ்டம்டி-லாகின்டி. உறங்கப்போகிறேன் என்று அது எல்லோருக்கும் ஒரு சைகை அனுப்பும். டெஸ்க்டாப் மென்பொருள் "கொஞ்சம் பொறு, பூட்டிக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கும். லாகின்டி இயல்பாக 5 நொடி பொறுக்கும். அதற்குள் பூட்டு விழாவிட்டாலும் உறக்கம் நடந்துவிடும். கணினி சுமையில் திணறும்போது மூடியைச் சாத்தினால் பூட்டு பின்தங்குகிறது. எழும்போது பழைய டெஸ்க்டாப் கண்சிமிட்டும் நேரம் தெரிந்துவிட்டுப் பிறகு பூட்டுத் திரை வருகிறது. கேடிஇ டெஸ்க்டாப்பில் உறக்கத்துக்குப் பின் பூட்டுவதற்குத் தனித் தேர்வு. உபுண்டுவில் க்னோம் டெஸ்க்டாப்பின் பொதுப் பூட்டோடு, உறங்கும்போது பூட்டுவதற்கென்று தனி மதிப்பு ஒன்றும் உண்டு. இரண்டில் ஒன்று அணைந்திருந்தாலும் நடத்தை மாறும்.

பூட்டுத் திரை எவ்வளவு உறுதியானது என்பதும் லினக்ஸில்தான் வெளிச்சமானது. பழைய எக்ஸ்11 முறையில் பூட்டுத் திரை என்பது மற்றவற்றைப் போல ஒரு சாதாரண நிரல். எல்லாவற்றுக்கும் மேலே படுத்துக்கொண்டு விசைகளைத் தனக்கே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அது நொறுங்கினால் கீழே டெஸ்க்டாப் திறந்து கிடக்கும். 1992-இலிருந்து எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிவந்த ஜேமி ஸவின்ஸ்கி, பூட்டும் நிரலில் அலங்காரத்துக்காகப் பெரிய நூலகங்களைச் சேர்க்காதீர்கள் என்று ஆண்டுக்கணக்காக எச்சரித்துவந்தார். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்டில் அது நடந்தேவிட்டது. ஒரு பயனரின் குழந்தைகள் பூட்டுத் திரையின் திரை விசைப்பலகையிலும் உண்மையான விசைப்பலகையிலும் மாறி மாறித் தட்டி விளையாடியதில் பூட்டு நொறுங்கி டெஸ்க்டாப் திறந்தது. பிழை சரிசெய்யப்பட்டது. புதிய வேலண்ட் முறையில் இதற்கென வந்த அமர்வுப் பூட்டு நெறிமுறை, பூட்டும் நிரல் செத்தாலும் திரை பூட்டியபடியே இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. பூட்டு என்பது மேலே விரிக்கும் திரை அல்ல, அமர்வின் நிலை என்ற தெளிவு அங்கேதான் சட்டமானது.

பழுதா, வடிவமைப்பா என்ற சண்டைக்கு விண்டோஸிலும் ஒரு நல்ல சான்று உண்டு. 2019-இல் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைச் சுட்டியது: ரிமோட் டெஸ்க்டாப்பில் தூரத்துக் கணினியைப் பூட்டிவிட்டு, நெட்வொர்க் இடையில் அறுந்து தானாக மறுபடி இணைந்தால், பூட்டியிருந்த அமர்வு திறந்த நிலையில் வருகிறது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து இப்படி. இணைப்பின்போதே அடையாளம் சரிபார்க்கப்பட்டுவிட்டது, ஆகவே வடிவமைத்தபடியே நடக்கிறது என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு. பயன்படுத்துபவரின் பார்வையில், பூட்டிய கதவு காற்றில் திறந்துகொண்டது. இரு பக்கமும் தங்கள் அளவில் சரி. பூட்டியது யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படும் என்பதில்தான் ஒப்பவில்லை.

ஆகவே கண்டுபிடிக்கும் முறை என்பது செட்டிங்குகளை மாற்றிப் பார்ப்பதில் தொடங்கக் கூடாது, பதிவேட்டைப் படிப்பதில் தொடங்க வேண்டும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்து கெர்னல்-பவர் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். 42 என்றால் உறங்கப் போகிறது. காரணமும் அருகில் இருக்கும், மூடி அல்லது பொத்தானா, சும்மா இருந்ததா என்று. 107 என்றால் எழுந்துவிட்டது. மாடர்ன் ஸ்டான்ட்பை கணினியில் அந்த இடத்தில் 506-உம் 507-உம் வரும். பவர்-டிரபிள்ஷூட்டர் என்ற பெயரில் 1 என்ற வரி, எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது, எழுப்பியது எது என்று சொல்லும். 41 தெரிந்தால் அது ஒழுங்காக அணையவில்லை. கரண்ட் போயிருக்கும், அல்லது உறைந்துபோய் யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்கள்.

பாஸ்வேர்ட் கேட்ட நேரங்களையும் கேட்காத நேரங்களையும் ஒரு காகிதத்தில் குறித்துவைத்து இந்த வரிகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அரைமணியில் விடை வந்துவிடும். காலை 11:20-க்குக் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்கு முன் 42 இல்லை. அப்படியானால் கணினி தூங்கவே இல்லை, திரை மட்டும் அணைந்திருந்தது. மதியம் 1:52-க்குக் கேட்டது. 1:10-க்கு 42, காரணம் மூடி அல்லது பொத்தான். இனிச் செய்ய வேண்டியது திரையின் நேரத்தையும் உறக்கத்தின் நேரத்தையும் அருகருகே கொண்டுவருவதுதான். 42-உம் 107-உம் ஒழுங்காக இருந்தும் கேட்கவில்லை என்றால் கன்சோல்லாக் மதிப்பையும், அப்போது சார்ஜரில் இருந்ததா பேட்டரியில் இருந்ததா என்பதையும் பாருங்கள். பூட்டியதும் திறந்ததும் தனியே தெரிய வேண்டும் என்றால் ஆடிட் பாலிசியில் அதற்கான பகுதியை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டும். பிறகு செக்யூரிட்டி பதிவேட்டில் 4800 பூட்டையும் 4801 திறப்பையும் காட்டும். மேக்கில் பிஎம்செட் கட்டளையும், லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளையும் இதே வேலையைச் செய்யும். பதிவேடு சுத்தமாக இருந்து, செட்டிங்குகள் எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் நடத்தை மாறினால் மட்டும் பயாஸ் அப்டேட், டிரைவர் அப்டேட் என்று இறங்கலாம். பலர் அங்கிருந்து தொடங்குவதால்தான் ஒரு வாரம் வீணாகிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஹால்டர்மேன், எட் ஃபெல்டன் உள்ளிட்டோர் காட்டியதைச் சொல்லலாம். மின்சாரம் நின்றவுடன் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பது பொது நம்பிக்கை. அவர்கள் காற்றடைத்த ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமைக் குளிர்வித்து, அது நிமிடக்கணக்கில் மறக்காமல் இருப்பதைக் காட்டினார்கள். டிஸ்க்கைத் திறக்கும் குறியாக்கச் சாவியை அதிலிருந்து படித்தும் எடுத்தார்கள். லேசான உறக்கத்தில் கிடக்கும் லேப்டாப்பில் அந்தச் சாவி ரேமில்தான் இருக்கிறது. அதன் பூட்டுத் திரை எவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்டாலும் சரி. உயர்ந்த பாதுகாப்பு வேண்டுவோர் உறக்கத்தை விட்டு, தொடக்க பின்னோடு ஹைபர்னேட்டைப் பயன்படுத்தட்டும் என்று மைக்ரோசாஃப்டின் பிட்லாக்கர் ஆவணங்களே சொல்வது இதனால்தான்.

அதனால் என் சிபாரிசு எளியது. வீட்டுக் கணினியில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், தெரிந்து வையுங்கள். வெளியே கொண்டுபோகும் லேப்டாப்பில் பூட்டு விழிப்பை நம்பி இருக்கக் கூடாது: எழுந்தபின் கேட்கட்டும் என்று விடாமல், மூடுவதற்கு முன் விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்திப் பூட்டிவிட்டு மூடுங்கள். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்ந்தால் அதே வேலை. சார்ஜரா பேட்டரியா, பத்து நிமிடமா பதினைந்தா என்ற கேள்விகளெல்லாம் அதோடு தீர்ந்துவிடும். ஊருக்குப் போகும்போது, பையில் வைத்து ரயில் ஏறும்போது, ஹைபர்னேட் செய்யுங்கள். பல லேப்டாப்புகளில் அந்தத் தேர்வு பவர் மெனுவில் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில், இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று என்ற இணைப்பை அழுத்தினால் கீழே ஹைபர்னேட்டுக்கு ஒரு டிக் பெட்டி கிடைக்கும்.